ஜெர்மன் வணிகக் கப்பல்களில் பீரங்கி ஒளித்து வைத்திருந்தார்களா? (1914-க்கு முந்தைய கடற்படை வேவு)

அலைவரிசை:
நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற கேள்வி இது.

1913 மார்ச் 26. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடற்படை நிதிநிலை விவாதம். அமைச்சர் சர்ச்சில் எழுந்து, வெளிநாட்டு வணிகக் கப்பல்கள் பலவற்றில் பீரங்கி ஏற்றிச் சட்டென்று போர்க்கப்பலாக மாற்றிவிடலாம் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்கிறார். யாரைச் சொல்கிறார் என்பது அவையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பின்பக்கம் தற்காப்புப் பீரங்கி வைக்கும் திட்டம் இந்தப் பயத்தில் வந்ததுதான்.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 1907 ஹேக் மாநாட்டின் ஏழாவது உடன்படிக்கை, போர்க்கப்பலாக மாறும் வணிகக் கப்பலுக்குக் கடற்படை அதிகாரி தலைமை வேண்டும், அடையாளம் வேண்டும் என்றெல்லாம் விதி போட்டது. ஆனால் மாற்றத்தை எங்கே செய்யலாம்? சொந்தத் துறைமுகத்தில் மட்டுமா, நடுக்கடலிலுமா? அதில் மட்டும் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒத்துப்போகவில்லை. 1909 லண்டன் மாநாட்டிலும் அது அப்படியே தொங்கியது.

என் கேள்வி நேரானது. வேவு பார்த்தவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள்? பீரங்கி இருந்ததா இல்லையா?

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
22 வருஷம் சரக்குக் கப்பலில் ஓடியவன் என்ற முறையில் முதலில் ஒன்று. வேவு என்றதும் தொப்பி போட்ட ஒற்றனை நினைக்காதீர்கள். அந்த மாதிரி ஆட்களும் இருந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். 1910-ல் பிராண்டன், டிரெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் போர்கும் (Borkum) என்ற ஜெர்மன் தீவின் கோட்டையை நோட்டம் விடப் போய்ப் பிடிபட்டது ஊரறிந்த கதை. ஆனால் அன்றாட வேலை வேறு மாதிரி. துறைமுகத்தில் இருக்கும் பிரிட்டிஷ் கான்சல், லாய்ட்ஸ் என்ற கப்பல் காப்பீட்டு அமைப்பின் ஏஜென்ட், கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட், கரி வியாபாரி. யார் வந்தான், என்ன ஏற்றினான், எப்போது கிளம்பினான், அடுத்த துறைமுகம் எது. அவ்வளவுதான் தகவல்.

இப்போது பீரங்கிக்கு வருவோம். கரையில் நிற்கிறவனுக்குத் தெரிவது டிராஃப்ட், அதாவது கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது. பெரிய கப்பல் ஓர் அங்குலம் கூடுதலாக அமிழவே 50, 60 டன் வேண்டும். 10.5 செ.மீ. பீரங்கி ஒன்று, அதன் பீடத்தோடு சேர்த்தாலும் சில டன்தான். நாலு பீரங்கியை அடியில் போட்டு மேலே பியானோப் பெட்டியை அடுக்கினால் எந்தக் கான்சலுக்கும் தெரியாது. ஆகவே "பார்த்தேன்" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் பார்க்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டவர்கள்.

போர் வந்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் பயணிகள் கப்பல் 1914 ஆகஸ்ட் 3 இரவு நியூயார்க்கை விட்டு நழுவியது. பீரங்கி உள்ளேயே இருந்திருந்தால் நேராக வேட்டைக்குப் போயிருக்கும். அது போனது கார்ல்ஸ்ரூஹே என்ற போர்க்கப்பலைத் தேடி. 6-ம் தேதி அதனிடமிருந்து 8.8 செ.மீ. பீரங்கி இரண்டு வாங்கிக்கொண்டது. காப் டிராஃபல்கர் என்ற இன்னொரு பயணிகள் கப்பல், ஏபர் என்ற சிறு போர்க்கப்பலின் பீரங்கியை வாங்கியது. பிரின்ஸ் ஐடெல் ஃப்ரீட்ரிஷுக்கு சீனாவின் சிங்டாவோவில் டைகர், லுக்ஸ் என்ற இரண்டு பீரங்கிப் படகுகளின் பீரங்கியைக் கழற்றிப் போட்டார்கள். கடலில் இருந்தபடி மாறியவை எல்லாம் கடற்படையிடம் கை நீட்டித்தான் பீரங்கி வாங்கின. இதைவிட நல்ல சாட்சி எது?

நெய்தல்நிலா:
சார் சொல்வது சரி. ஆனால் பயத்தை வெறும் புரளி என்று தள்ள முடியாது. அதற்கு ஒரு வேர் இருக்கிறது.

1897-ல் கைசர் வில்ஹெல்ம் டெர் க்ரோசே என்ற ஜெர்மன் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. 14,000 டன், 22 முடிச்சு வேகம் (ஒரு முடிச்சு என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அட்லாண்டிக்கைக் கடப்பதில் அதுவரை பிரிட்டிஷ்காரர் வைத்திருந்த பெயரைப் பறித்துக்கொண்டது. பின்னால் வந்த ஜெர்மன் விரைவுக் கப்பல்களும் அந்த ரகம். தேவைப்பட்டால் பீரங்கி வைக்கும்படி தளத்தைப் பலப்படுத்திக் கட்டியவை. "இது வணிகக் கப்பலை விரட்டினால் துரத்திப் பிடிக்க நம்மிடம் எது இருக்கிறது?" என்று அட்மிரால்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, கேட்டதில் தப்பே இல்லை.

1903-ல் பிரிட்டிஷ் அரசு கியூனார்ட் கம்பெனிக்கு 26 லட்சம் பவுண்டு கடனும் ஆண்டுக்கு 1.5 லட்சம் பவுண்டு மானியமும் கொடுத்தது. நிபந்தனை: 24, 25 முடிச்சு வேகத்தில் இரண்டு கப்பல், போர் வந்தால் கடற்படைக்கு. அவைதான் லூசிடானியா, மாரிடானியா. ஜெர்மன் கப்பல்களை உற்றுப் பார்த்ததன் விளைவு இவ்வளவு பெரிசு.

வேடிக்கை என்னவென்றால், 1914-ல் போர் வந்தபோது அந்த இரண்டையும் அட்மிரால்டி ஆயுதக் கப்பலாகப் பயன்படுத்தவே இல்லை. கரி தின்கிற பேய்கள்!

மசாலாமணி:
இழையில் எங்க ஊர் எம்டன் இல்லாமல் எப்படி? 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று 130 குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டேங்கைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். எங்க தாத்தா காலத்திலிருந்து வில்லங்கமான ஆளைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்றுதான் பேச்சு. வேவு பார்த்தார்களாமே, எம்டன் வரப்போகிறது என்று ஒருத்தனுக்கும் தெரியலையே? துறைமுகம் முழுக்க விளக்கு எரிந்ததாம்!

அதில் நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்து வழிகாட்டினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நெய்தல்நிலா:
மணி அண்ணே, விளக்கு எரிந்தது உண்மை. செண்பகராமன் கதை இல்லை. அவர் 1914-ல் சூரிக்கில் இருந்தார், அக்டோபரில் பெர்லின் போனார். எம்டன் ஜூலை 31 அன்று சீனாவின் சிங்டாவோவை விட்டுக் கிளம்பிய கப்பல். நடுவில் எங்கே ஏறினார், நீந்திப் போயா? அவர் செய்த வேலைகள் போதும், இதை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

மசாலாமணி:
பள்ளிக்கூட மேடையில் இதைச் சொல்லித்தான் முதல் பரிசு வாங்கினேன். திருப்பிக் கொடுக்க முடியாது.

மட்டுறுத்துநர்:
எம்டனுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வணிகக் கப்பல்கள் மட்டும்.

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
மட்டுறுத்துநர் மன்னிக்க, எம்டனையும் வணிகக் கப்பலையும் பிரிக்க முடியாது. சிங்டாவோவிலிருந்து எம்டனோடு வந்தது மார்கோமானியா. ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் சரக்குக் கப்பல், வயிறு நிறையக் கரி. அது கூட வராவிட்டால் எம்டன் வங்காள விரிகுடா பக்கமே எட்டிப் பார்த்திருக்காது. நெய்தல்நிலா "கரி தின்கிற பேய்" என்று சொன்னாரே, இந்த இழையின் சூட்சுமமே அதுதான்.

கைசர் வில்ஹெல்ம் டெர் க்ரோசே நிதானமாகப் போனால்கூட நாளுக்கு 250 டன் அளவுக்குக் கரி கேட்கும். கடலில் அதை எப்படி ஏற்றுவார்கள் தெரியுமா? அலையில்லாத ஒரு மூலையைத் தேடி, இரண்டு கப்பலையும் பக்கவாட்டில் கட்டி, மூட்டை மூட்டையாக வின்ச்சில் தூக்கி, மிச்சத்தைக் கூடையில் சுமந்து கொட்டுவது. பகலும் இரவும் நாள்கணக்கில் நடக்கும். மூக்கு, காது, சோற்றுத் தட்டு, எல்லாம் கரித்தூள். அந்த நேரத்தில் எதிரி வந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட நீராவிகூட இருக்காது. அந்தக் கப்பலுக்கு நேர்ந்ததும் இதேதான். ஆகஸ்ட் 26, ஆப்பிரிக்கக் கரையில் ரியோ டி ஓரோ. கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹைஃப்ளையர் என்ற பழைய பிரிட்டிஷ் குரூசர் ரகப் போர்க்கப்பல் வந்துவிட்டது. போர் தொடங்கி மூன்று வாரம்தான், 17 வருஷம் பிரிட்டன் பயந்த கப்பலின் கதை முடிந்தது.

காப் டிராஃபல்கர் முடிவு இன்னும் கூத்து. அலங்காரத்துக்கு நின்ற மூன்றாவது புகைபோக்கியைக் கழற்றிவிட்டு, பிரிட்டிஷ் கப்பல் கார்மேனியா மாதிரி வேடம் கட்டியது. செப்டம்பர் 14 அன்று டிரிண்டாடே தீவருகே அதுவும் கரி ஏற்றிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்தது யார்? அசல் கார்மேனியா. வேடம் போட்டவன் முன்னால் அந்த ஆளே வந்து நின்ற கதை. மூழ்கடிக்கும் முன் கார்மேனியாவும் 79 அடி வாங்கியது.

பீரங்கி எங்கே என்று தேடியதற்குப் பதில், "இவன் கரி எங்கிருந்து வாங்குவான், யார் கொண்டுபோய்க் கொடுப்பான்?" என்று மட்டும் பார்த்திருந்தால் போதும். என் கட்சி இதுதான்.

நெய்தல்நிலா:
கரியைச் சரக்காக ஏற்றிப் போகிற கப்பல் ஆயிரம். அதில் எது போர்க்கப்பலுக்குப் போகிறது என்று கரையில் நிற்கிறவன் எப்படிச் சொல்வான்?

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
கப்பலைப் பார்த்தால் தெரியாது, காகிதத்தைப் பார்த்தால் தெரியும். கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் குரூசர் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாயமாகிவிட்டது. அதைத் தேடிக் கடலெல்லாம் அலைந்தார்கள். கடைசியில் 1914 அக்டோபரில் லிண்டியில் பிரசிடென்ட் என்ற ஜெர்மன் வணிகக் கப்பலைச் சோதனை போட்டார்கள். மருத்துவக் கப்பல் என்று கொடி கட்டியிருந்தது. உள்ளே நோயாளி இல்லை, ஆனால் காகிதம் இருந்தது: ரூஃபிஜி ஆற்றுக்குள் கரி அனுப்பிய கணக்கு. மாதக் கடைசிக்குள் கோனிக்ஸ்பெர்க்கை ஆற்றுக்குள்ளேயே கண்டுபிடித்தாயிற்று.

கொழும்புக்கரை:
வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், இப்ப எழுதாமல் இருக்கேலாது. நீங்கள் எல்லாரும் வேகமான பயணிகள் கப்பலைப் பற்றியே கதைக்கிறியள். எங்கட பக்கம் வந்து அடிச்சது மெதுவான சரக்குக் கப்பல்.

பிரெமனில் ஹன்சா கம்பெனி எண்டு ஒண்டு. இந்தியா, இலங்கைப் பக்கம் ஓடினவை. அவையின்ர கப்பல் பெயரெல்லாம் "ஃபெல்ஸ்" எண்டு முடியும், ஜெர்மனில் பாறை எண்டு அர்த்தம். 1913-ல கட்டின வாக்ட்ஃபெல்ஸ் அதில ஒண்டு. பத்துப் பதினொரு முடிச்சுக்கு மேல போகாது. போர் வந்தாப்பிறகு அதை வோல்ஃப் எண்டு மாத்தி, 465 கண்ணிவெடியையும் சின்னக் கடல் விமானம் ஒண்டையும் ஏத்தி 1916 நவம்பர் 30 அனுப்பிச்சினம். 451 நாள் ஒரு துறைமுகத்திலையும் நிக்காமல் சுத்திப்போட்டு 1918 பெப்ரவரியில ஊருக்குத் திரும்பினது.

கொழும்புக்கு வெளியால அது போட்ட கண்ணியில 1917 பெப்ரவரி 17 வூஸ்டர்ஷயர், 21-ல பெர்சியஸ், ரெண்டு கப்பல் போச்சுது. பம்பாய்க்கு வெளியால போட்டதில மொங்கோலியா எண்ட பெரிய பயணிகள் கப்பல் அதே வருஷம் ஜூனில தாண்டது.

இதில விசேஷம், அதே வருஷம் பெப்ரவரி 27-ல வோல்ஃப் டுரிட்டெல்லா எண்டு ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடிச்சுது. அது உண்மையில குட்டன்ஃபெல்ஸ்! அதே ஹன்சா கம்பெனிக் கப்பல், போர் தொடங்கேக்க பிரிட்டிஷ்காரர் பறிச்சுப் பேரை மாத்தினது. தங்கட கப்பலையே திருப்பிப் பிடிச்சு, இல்டிஸ் எண்டு பேர் வச்சு, ஏடனுக்கு வெளியால கண்ணி போட அனுப்பிவிட்டினம்.

அலைவரிசை:
அடேங்கப்பா. ஒரே கப்பலுக்கு எத்தனை பெயர்!

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
கொழும்புக்கரை, அருமை. எண்களையும் வைத்துவிடுகிறேன். வோல்ஃப் மெதுவாக 8 முடிச்சில் போனால் நாளுக்கு 35 டன் கரி போதும். 250 எங்கே, 35 எங்கே!

நெய்தல்நிலா:
கொழும்புக்கரை சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணிவெடி. நாம் எல்லாரும் பீரங்கி பீரங்கி என்கிறோம். மாறிய வணிகக் கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையையே கடித்தது கண்ணியால்.

ஹெலிகோலாந்து தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிப்போன கோனிகின் லூயிசே, போர் அறிவித்த மறுநாள் ஆகஸ்ட் 5 அன்றே பிரிட்டிஷ் படகுச் சர்வீஸின் நிறத்தைப் பூசிக்கொண்டு தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே கண்ணி தூவியது. அதைப் பிடித்து மூழ்கடித்த ஆம்ஃபியன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலே மறுநாள் அந்தக் கண்ணியில் சிக்கிப் போனது. பெர்லின் என்ற பயணிகள் கப்பல் அயர்லாந்துக்கு வடக்கே போட்டதில் அக்டோபர் 27 அன்று ஆடேஷியஸ், டிரெட்நாட் ரகத்தைச் சேர்ந்த புத்தம் புது பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல், மூழ்கியது. வாழைப்பழம் ஏற்றக் கட்டிய புங்கோ, மோவே என்ற பெயரில் போட்டதில் 1916 ஜனவரி 6 அன்று கிங் எட்வர்ட் VII என்ற போர்க்கப்பல் போனது. கண்ணி போட வேகமும் வேண்டாம், பலப்படுத்திய தளமும் வேண்டாம். சந்தேகம் வராத முகம் வேண்டும், அவ்வளவுதான்.

அலைவரிசை:
அப்போ மொத்த வேவும் வேஸ்ட் என்கிறீர்களா?

நெய்தல்நிலா:
இல்லை, அப்படிச் சொன்னால் அநியாயம். போர் தொடங்கிய சில நாளிலேயே ஜெர்மன் வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை நடுநிலை நாட்டுத் துறைமுகங்களில் முடங்கின. உலகத்திலேயே பெரிய கப்பலான ஃபாட்டர்லாண்ட் நியூயார்க்குக்கு எதிரே ஹோபோக்கனில் கட்டிக்கிடந்து, கடைசியில் அமெரிக்காவின் லெவியாதன் ஆனது. வெளியே வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று கேப்டன்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தப்பான தகவலுக்கு விலையும் உண்டு. 1899 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவில் போயர் போர் சமயம், புண்டஸ்ராட் என்ற ஜெர்மன் தபால் கப்பலில் ஆயுதம் போகிறது என்று நம்பி பிரிட்டிஷ் கடற்படை அதை டர்பனுக்கு இழுத்துப் போய்ச் சோதித்தது. ஒரு தோட்டாகூட இல்லை. ஜெர்மனி முழுக்கக் கொந்தளிப்பு. அடுத்த ஜூனில் கடற்படையை இரட்டிப்பாக்கும் சட்டம் பெர்லினில் சுலபமாக நிறைவேறியது. ஜெர்மன் கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ் நன்றிக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

நல்ல வேவுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹோபார்ட் என்ற கப்பல். 1914 ஆகஸ்ட் 11, மெல்போர்ன் வாசல். ரேடியோ இல்லாததால் போர் வந்ததே தெரியாமல் வருகிறது ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பல். ஆஸ்திரேலியக் கடற்படையின் கேப்டன் ரிச்சர்ட்சன் சாதாரண உடையில், தொற்றுநோய்ச் சோதனை அதிகாரி மாதிரி ஏறுகிறார். ஏறியதும் ஆட்டத்தைக் கலைக்கவில்லை, கப்பலையும் தலைகீழாகப் புரட்டவில்லை. காத்திருந்தார். நடுராத்திரிக்கு மேல் ஜெர்மன் கேப்டன் பூனை மாதிரி எழுந்து வந்து ஒரு மரப்பலகையை நகர்த்தி, உள்ளே இருந்த காகிதங்களை எடுக்கும்போது பின்னால் துப்பாக்கியோடு ரிச்சர்ட்சன். கையில் கிடைத்தது ஜெர்மன் கடற்படையும் வணிகக் கப்பல்களும் பேசிக்கொள்ளும் சங்கேதப் புத்தகம். அக்டோபர் கடைசியில் அதன் பிரதி லண்டன் போய்ச் சேர்ந்தது.

இது பீரங்கியைத் தேடிக் கிடைத்ததா? ஒரு மனிதன் எதை ஒளிப்பான், எப்போது எடுப்பான் என்று தெரிந்து கிடைத்தது.

மசாலாமணி:
இதைப் படமாக எடுத்தால் அந்த ராத்திரி சீனுக்கே டிக்கெட் காசு கொடுப்பேன்.

கொழும்புக்கரை:
ஒரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்ல. ஹன்சா கப்பல்களில எஞ்சின் அறையிலும் தளத்திலும் வேலை செய்த ஆக்களில கனபேர் லஸ்கார்கள், அதாவது இந்தியக் கப்பல் தொழிலாளர். போர் வந்தபோது நூற்றுக்கணக்கானவர் ஹாம்பர்க்கிலும் பிரெமனிலும் அகப்பட்டுப் போச்சினம். எந்தக் கப்பல் எவ்வளவு கரி தின்னும் எண்டு அள்ளிப் போட்டவனைவிட ஆருக்குத் தெரியும்?

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
சத்தியமான வார்த்தை. பர்னஸ் முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும்.

அலைவரிசை:
இரண்டாம் போருக்குள் பாடம் படித்தார்களா?

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
பாதி. 1939 ஆகஸ்ட் கடைசியில் பிரெமன் என்ற பெரிய பயணிகள் கப்பலை நியூயார்க்கில் இரண்டு நாள் நிறுத்தி அமெரிக்கச் சுங்கம் சோதித்தது. ஆயுதம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 30-ம் தேதி பயணிகளே இல்லாமல் கிளம்பி, வழியிலேயே சாம்பல் நிறம் பூசி, செப்டம்பர் 6 மூர்மான்ஸ்க் போய்விட்டது. கண்ணெல்லாம் அதன் மேல்தான்.

அதே சமயம் ஹன்சாவின் கோல்டன்ஃபெல்ஸ் பிரெமன் பட்டறைக்குள் போனது. வெளியே வந்தபோது பெயர் அட்லாண்டிஸ், மடக்குக் கதவுகளுக்குப் பின்னால் 15 செ.மீ. பீரங்கி ஆறு. டீசல் எஞ்சின் என்பதால் கரித் தொல்லையும் இல்லை. 22 கப்பல்களைத் தீர்த்தது. காண்டல்ஃபெல்ஸ் பிங்குவின் ஆனது. மறுபடி "ஃபெல்ஸ்"!

ஆனால் ஒன்று கற்றார்கள். 1941 நவம்பர் 22 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் டெவன்ஷயர் அட்லாண்டிஸைப் பார்த்தபோது, "பாலிஃபீமஸ் என்கிறான், உண்மையா?" என்று எட்ட நின்று ரேடியோவில் தலைமையகத்தைக் கேட்டது. "இல்லை" என்று பதில் வந்த பிறகே சுட்டது. மூன்று நாள் முன்பு ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி, டச்சுக் கப்பல் வேடத்தில் இருந்த கோர்மோரான் என்ற ஜெர்மன் கப்பலுக்குப் பக்கத்திலேயே போனது. 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அரபு அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தபோது பக்கத்துக் கப்பலின் முகப்பில் புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் எழுத்து புடைத்துத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்த அரைமணி நேரம் மட்டும். மதியம் பார்த்தால் ஒன்றும் இல்லை. வேவும் அப்படித்தான், அந்த அரைமணியில் அங்கே நிற்கணும்.

நெய்தல்நிலா:
சரி சார், சோதித்துப் பார்ப்போம். 1913. நீங்கள் கொழும்புத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஏஜென்ட். எதிரே வாக்ட்ஃபெல்ஸ் சரக்கு இறக்குகிறது. புதுக் கப்பல், பீரங்கி இல்லை, வேகம் இல்லை. நோட்டில் என்ன எழுதுவீர்கள்?

செகண்ட் ஆபீசர் (ஓய்வு):
உண்மையைச் சொல்லவா? "வந்தது, போனது" என்றுதான் எழுதியிருப்பேன்.

கொழும்புக்கரை:
நானும்.

மசாலாமணி:
ஞாயிற்றுக்கிழமை ஹைகோர்ட் கிழக்குச் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்துக் கல்லைப் படம் எடுத்துப் போடுகிறேன். மட்டுறுத்துநரே, எம்டன் இழையில்தான் போடுவேன், சத்தியமாக.